கவிழ்ந்த கிண்ணம்

தொட்டதும் காரை உதிர்ந்து எக்கோவின் கையில் விழுந்தது. முதல் படையின் படைவீட்டு வாசலில், கிண்ணத்தில் கைவிட்டுச் சாப்பிடும் சிமெண்ட் மனிதனுக்குப் பக்கத்தில் ஒரு சிமெண்ட் மிருகம் குந்தியிருந்தது. மூக்கில்லை, காதில்லை, உப்புக்காற்று தின்றது போக மிச்சமிருந்ததை உடம்பு என்று சொல்லலாம். அந்த மீனவ ஊரில் தெருவுக்கொரு படை; திருவிழாவன்று ஒரு படை இன்னொன்றைக் கேலி பாடும். சனிக்கிழமை திருவிழா. அதற்குள் வர்ணம் பூசி முடிக்க வேண்டும். என்ன மிருகம் என்பதுதான் யாருக்கும் தெரியவில்லை.

செவ்வாய்க்கிழமை கடலுக்கு ஓய்வு நாள், யாரும் போகமாட்டார்கள் என்பதால் படையின் ஆண்கள் வலைகளைப் பிரித்துப் போட்டுக்கொண்டு அங்கேயே உட்கார்ந்திருந்தார்கள். ஆளுக்கொரு மிருகம் சொன்னார்கள். படைத்தலைவர் க்வான்சா கையை உயர்த்தினார்.

"சிங்கம்னு வச்சுக்க. கம்பீரமா இருக்கும்."

"சிங்கம் ஏன் மாமா அடுத்தவன் சாப்பிடறதப் பாத்துக்கிட்டு உக்காந்திருக்கு?"

"உன்னைக் கூப்பிட்டது பூசறதுக்கு. கேள்வி கேக்கறதுக்கு இல்ல."

கேள்வி கேட்காமலிருப்பது எக்கோவுக்குப் பிறவியிலேயே வராத பழக்கம். தப்பாகப் பூசினால் எதிர்த்தெரு மூன்றாம் படைக்காரர்கள் அதைப் பாட்டாகக் கட்டுவார்கள். பூசியவன் பெயரையும் விடமாட்டார்கள். பயம் ஒரு பக்கம் இருக்கட்டும், என்னவென்று தெரியாத ஒன்றுக்குக் கண் வரைய அவனுக்குக் கை வரவில்லை.

வீட்டில் அவன் மனைவி அராபா புகையடுப்பிலிருந்து மீனை எடுத்து அடுக்கிக்கொண்டிருந்தாள். அவள் மூன்றாம் படைக்காரரின் மகள். அப்பன் எந்தப் படையோ பிள்ளையும் அந்தப் படை; கல்யாணம் அதை மாற்றாது. ஆண்டு முழுக்க அவனுக்கு ஆக்கிப் போடுபவள் திருவிழாவன்று மட்டும் அண்ணன்மாரோடு போய் நின்று அவனையே கேலி பாடுவாள். அவர்கள் கொடியில் இருப்பது ஒரு கவிழ்ந்த கிண்ணம், அவ்வளவுதான். சோற்றுக்கு வழியில்லாதவர்களின் கொடி என்று முதல் படைக்காரர்கள் சிரிப்பார்கள். அதற்கு என்ன அர்த்தம் என்று எக்கோ பல தடவை கேட்டும் அவள் வாயைத் திறந்ததில்லை.

"வாய்ல கென்கே உருண்டைய வச்சுக்கிட்டு என்ன யோசனை? மென்னு முழுங்குய்யா" என்றாள்.

அவன் விஷயத்தைச் சொன்னான். மீனை எடுக்கப்போன அவள் கை நின்றது.

"உங்க ஆளுங்கள்ல ஒருத்தருக்குமே தெரியலையா?"

"தெரியல."

"ஏசினவன் மறந்துடுவான். ஏச்சு வாங்கினவன் மறப்பானா?"

அவளுக்குத் தெரியும் என்பது அவனுக்கு அப்போதுதான் உறைத்தது. அவள் ஒரு மீனை எடுத்து, திருப்பிப் பார்த்து, எடுத்த இடத்திலேயே வைத்தாள்.

"சிங்கம்னு சொல்லிட்டா எங்க ஆளுங்களுக்கு நிம்மதி" என்றாள். பிறகு, "அது நாய். சாப்பிடறது நீங்க. வாயப் பாத்துக்கிட்டு உக்காந்திருக்கற நாய் நாங்க. எங்கப்பா அந்த வழியா போனா காறித் துப்பாம போகமாட்டாரு" என்றாள்.

எக்கோவுக்கு வெட்கமாக இருந்தது. மாமனார் துப்புவதைப் பார்த்து அவனும் சின்ன வயதில் சிரித்திருக்கிறான்.

"அப்ப சிங்கமாவே பூசிடறேன். தலைவரும் அதத்தான் கேக்கறாரு."

"பூசிட்டா எங்க கொடி என்னத்துக்கு ஆகும்?"

"கொடிக்கென்ன?"

"நாய் தின்னுட்டுப் போயிடுச்சு, இப்ப உன் கிண்ணத்தப் பாருன்னு உங்களுக்குப் பதில் சொல்லத்தானே கவுத்து வச்சிருக்கோம். நாயே இல்லேன்னா? வெறுங் கிண்ணத்தத் தூக்கிக்கிட்டு நாங்க பிச்சைக்கா போறோம்?"

அவன் வாயிலிருந்ததை மெல்லவும் மறந்து உட்கார்ந்திருந்தான். இத்தனை வருஷம் இரண்டு தெருவும் பேசிக்கொண்டிருந்ததில் பாதிதான் அவன் காதில் விழுந்திருக்கிறது. சந்தோஷத்தில் அவனுக்குச் சிரிப்பு வந்தது.

மறுநாள் காலை பழுப்பு நிறத்தில் காதும் வாலும் வந்திருந்ததைப் பார்த்து க்வான்சாவுக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. எக்கோ மொத்தத்தையும் சொல்லி முடித்தான். அவர் எதிர்த்தெருவைத் திரும்பிப் பார்த்தார்.

"அப்ப அந்தக் கிண்ணம் நம்மளச் சொன்னதா? நாம வேற சிரிச்சிருக்கோமே" என்றார். பூசு என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை.

சந்தைக்குப் போகிற வழியில், தலையில் மீன் பாத்திரத்தோடு அராபா வந்து நின்றாள். தன் படையைக் குறித்த அந்த நாயை மேலும் கீழும் பார்த்தாள்.

"நாக்க இன்னும் கொஞ்சம் நீளமா இழு" என்றாள். "பசியோட இருக்குல்ல."

எதிர்த்தெருவில் அவள் அண்ணன்மார் கொடியை உதறி வெயிலில் விரித்துக்கொண்டிருந்தார்கள். எக்கோ தூரிகையைச் சிவப்பில் தோய்த்தான்.