மூன்று புள்ளி வைத்த சாமான்

தங்கமணி பேரம் பேச மாட்டான். அவன்மேல் எனக்குச் சந்தேகம் வந்ததே அதனால்தான்.

கள்ளக்குறிச்சியில், சங்கராபுரம் போகிற சாலையில் எங்கள் லேத்துப் பட்டறை. உள்ளே என் வீட்டுக்காரர் பூமாலை கடைவார். முன்மேசையில் நான் உட்கார்ந்து சாமான் வாங்கி வைப்பேன், பிசிறு இருந்தால் அரம் போட்டுக் கொடுப்பேன். நான் இடது கைக்காரி. என் அரம் விழுந்த கோடு எதிர்ப்பக்கம் சாய்ந்திருக்கும் என்று அவர் கேலி செய்வார். பதினெட்டு வருஷமாக இதுதான் பிழைப்பு. பம்ப்செட்டு புஷ், கரும்பு ஆட்டுகிற மெஷினின் ராடு, டிராக்டர் பின் என்று தூக்கிக்கொண்டு வருகிறவர்களில், கூலியைச் சொன்னதும் ஒரு தரம் வானத்தைப் பார்க்காதவர் ஒருவர்கூட இல்லை. தங்கமணி மட்டும் "சரிங்க அண்ணி" என்று கொடுத்துவிட்டுப் போனான். எங்கேயோ இடிக்கிறதே என்று அப்போதே நினைத்தேன்.

கச்சிராயபாளையம் தாண்டி, கல்வராயன் மலை அடிவாரத்தில் அவனுக்கு மரவள்ளித் தோட்டம். புதன்கிழமை தோறும் வந்து, போன வாரம் கொடுத்த வேலையை வாங்கிக்கொண்டு அடுத்ததைக் கொடுப்பான். ஒவ்வொரு தடவையும் கைக்குள் அடங்குகிற ஒரே ஒரு சாமான், செய்தித்தாளில் சுற்றி வாழைநாரால் கட்டியது. மருந்தடிக்கிற மெஷினுக்கு என்றான். மற்றவர்கள் மெஷினையே வண்டியில் போட்டுக் கொண்டுவந்து வாசலை அடைப்பார்கள். இவன் மெஷினைக் கண்ணில் காட்டவே இல்லை. வீட்டில் பைக் இருந்தும் பஸ்ஸில் வந்தான். வேலை முடிந்ததும், சிலேட்டில் என் வீட்டுக்காரர் வரைந்த படத்தைத் தன் துண்டாலேயே துடைத்துவிட்டுப் போனான்.

மூன்றாவது வாரம் வாயை விட்டே கேட்டேன்.

"மருந்தடிக்கிற மெஷின்ல எத்தினி சாமான்தாங்க இருக்கும்?"

"இது பாரின் மெஷினு அண்ணி."

"ஒரு நாளைக்கு தூக்கிகினு வாங்களேன். நானும் பாத்துக்கறேன்."

சிரித்தான். சிரிப்பு பதில் ஆகிவிடுமா?

அவனைவிட எனக்கு எரிச்சல் என் வீட்டுக்காரர்மேல்தான். புதன்கிழமை வந்தால் புது மாப்பிள்ளை மாதிரி ஆகிவிடுவார். வெற்றிலையைத் துப்பிவிட்டு, கையைச் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டுத்தான் அந்தப் பொட்டலத்தைப் பிரிப்பார். பக்கத்தில் நான் நின்றால் வெளிச்சம் மறைக்கிறது என்பார். என் நிழலுக்கு அத்தனை அகலம் என்று பதினெட்டு வருஷத்தில் அன்றைக்குத்தான் தெரிந்தது.

அவருக்கு இரண்டு பழக்கம் உண்டு. நுணுக்கமான வேலை என்றால் எதையும் இரண்டாகத்தான் கடைவார். ஒன்று தவறினால் இன்னொன்று. இரண்டும் சரியாக வந்தால், மிஞ்சியதைத் தன் மரப்பெட்டியில் போட்டுவைப்பார். இரண்டாவது பழக்கம், கொடுக்கிற சாமானில் பஞ்ச் வைத்து மூன்று புள்ளி தட்டுவது. மணலூர்பேட்டை வரைக்கும் அந்த மூன்று புள்ளிக்குப் பேர் இருந்தது. புள்ளி வைத்த சாமான் ஒரு வெள்ளாமைக்குள் கெட்டால் திரும்பக் கொண்டு வரலாம். வந்ததை அவர்கள் கண்ணெதிரே பட்டறைக்கல்லில் வைத்து உடைத்துவிட்டு, கூலி வாங்காமல் புதிதாகக் கடைந்து தருவார். தன் புள்ளியோடு ஒரு கெட்ட சாமான் ஊரில் திரியக் கூடாது என்பது அவர் கொள்கை. அதில் எனக்கும் பெருமைதான், பொய் சொல்வானேன்.

நான்காவது வாரம் என் தம்பி ஆதிமூலத்தின் மகளுக்குக் காதுகுத்து. அவனும் சின்னசேலத்தில் ரயிலடிப் பக்கம் லேத்து வைத்திருக்கிறான். விருந்து முடிந்து அவன் பட்டறையில் கால் நீட்டி உட்கார்ந்தபோது, பலகைமேல் செய்தித்தாள் சுற்றி வாழைநார் கட்டிய ஒரு பொட்டலத்தைப் பார்த்தேன்.

"யாருதுடா இது?"

"தங்கமணின்னு ஒருத்தருக்கா. மருந்தடிக்கிற மெஷினுக்காம். சின்னக் குழா."

"ஒரு நாளைக்கு குடு. நாளைக்கு பஸ்ல குடுத்து அனுப்பறேன்."

மறுநாள் காலை என் வீட்டுக்காரர் டீ குடிக்கப் போன நேரத்தில் அந்தக் குழாயை மேசைமேல் வைத்தேன். அந்த வாரம் அவர் கடைந்து வைத்திருந்த சாமானை எடுத்துப் பக்கத்தில் கொண்டுபோனேன். வழுக்கிக்கொண்டு போய் 'டிக்' என்று உட்கார்ந்தது. அப்படியே கையில் பிடித்துப் பார்த்தேன். எந்த ஊர் மருந்தடிக்கிற மெஷினும் அப்படி இருக்காது. டூரிங் டாக்கீஸில் தரை டிக்கெட்டில் படம் பார்த்தவளுக்குக்கூட அது என்னவென்று தெரியும்.

அவர் திரும்பி வந்து பார்த்தார். நான் சத்தம் போடுவேன் என்று கதவைச் சாத்தினார்.

"உனுக்குத் தெரியுமாய்யா?" கோபம் வந்தால் எனக்கு மரியாதை போய்விடும்.

"ரெண்டாவது வாரமே தெரியும்" என்றார்.

"தெரிஞ்சி கடஞ்சியா?"

"நாட்டுத் துப்பாக்கி இல்ல இது. ஒரு தடவ சுட்டா அடுத்த குண்டு தானா வந்து உக்காரும். ஸ்பிரிங்கு சேலத்துல, குழா உந்தம்பிகிட்ட, கைப்பிடிக்கு மலையில ஒரு ஆசாரி. எதுக்கு எது நல்ல கைன்னு தேடித்தேடிப் பொறுக்கிகினு இருக்கான். அதுல நடுவுல இருக்கற வேல என்னுது. ஒரு முடி தப்பினாலும் உக்காராது." சொல்லும்போது அவர் முகத்தில் ஒரு வெளிச்சம் இருந்தது. அதைப் பார்த்தபோதுதான் எனக்கு உண்மையிலேயே பயம் வந்தது. "புஷ்ஷும் ராடும் கடஞ்சிகினே செத்துப் போவணுமா?"

"புள்ளி வச்சியா?"

"இதுக்குப் போயி வைப்பாங்களா?"

மேசைமேல் இருந்ததை எடுத்துத் திருப்பிக் காட்டினேன். அடிப்பக்கத்தில் பொட்டு மாதிரி மூன்று புள்ளி. அவர் உட்கார்ந்துவிட்டார். கை தானாகத் தட்டியிருக்கிறது. அப்படியானால் ஏற்கெனவே போன மூன்று சாமானிலும் இருக்கும்.

அரமெடுத்து அழிக்கலாம் என்றேன். அழித்தால் உட்காராது, கெட்டுப்போகும் என்றார். ஜெயிலுக்குப் போகிற ஆள் பேசுகிற பேச்சா இது?

யாரைச் சுட என்பதும் அந்த வாரமே தெரிந்தது. மோட்டார் புஷ் மாற்ற வந்த கச்சிராயபாளையத்துக்காரர் ஒருவர் பேச்சுவாக்கில் சொன்னார். தங்கமணிக்கும் அவன் கூடப்பிறந்த அண்ணன் சடையனுக்கும் வாய்க்கால் தகராறு, கோர்ட்டில் தீர்ப்பு அண்ணன் பக்கம் ஆகிவிட்டது, தம்பி அதற்குப் பிறகு ஒரு வார்த்தை பேசுவதில்லை என்றார். சண்டை போடுகிறவனைப் பற்றி எனக்குப் பயமில்லை. பேசாமல் போகிறவன்தான் ஆபத்து.

போலீசுக்குச் சொல்லலாம். சாராயத்துக்கும் நாட்டுத் துப்பாக்கிக்கும் மலையில் ஏறி இறங்குகிறவர்கள், இதற்கு ஓடி வருவார்கள். வந்து அதைப் பிரித்தால் உள்ளே மூன்று புள்ளி. பஸ் ஸ்டாண்டில் யாரைக் கேட்டாலும் எங்கள் பட்டறைக்கு வழி சொல்வார்கள். சொல்லாவிட்டால் ஓர் உயிர் போகும், அப்போதும் அதே மூன்று புள்ளிதான். இரண்டு பக்கமும் யோசித்து யோசித்துச் சோறு இறங்கவில்லை. அது போன இடத்திலிருந்து அத்தனையும் ஒன்றாகத் திரும்பி வர வேண்டும். திரும்பி வருவதற்கு ஒரே ஒரு வழிதான் எங்கள் பட்டறையில் இருந்தது.

குழாயைத் தம்பிக்கு அனுப்பிவிட்டேன். புதன்கிழமை தங்கமணி வருவதற்கு ஒரு மணி நேரம் முன்பு, வீட்டுக்காரர் சாப்பிடப் போனதும், அந்தச் சாமானின் ஓரத்தில் என் அரத்தைப் போட்டேன். நாலே இழுப்பு. உள்ளே போகும், போனால் வெளியே வராது. அவ்வளவு வேலை எனக்கும் தெரியும்.

தங்கமணி வந்து வாங்கிக்கொண்டு, "இதோட முடிஞ்சிதுங்க அண்ணி" என்றான். முகத்தில் அப்படி ஒரு அமைதி.

அடுத்த ஆறு நாள் நான் மனுஷியாக இல்லை. பஸ் சத்தம் கேட்டால் வாசலுக்கு ஓடினேன். பேப்பரில் கச்சிராயபாளையம் என்று எழுத்துக்கூட்டித் தேடினேன். இழுப்பு பத்தாமல் போயிருந்தால்? அவனே கழற்றிவிட்டிருந்தால்? சாமிக்கு வேண்டிக்கொள்ளக்கூட வெட்கமாக இருந்தது.

ஏழாம் நாள் வந்தான். கையில் டிபன் கேரியர். வாசலில் கரும்புக்காரர் இரண்டு பேர் ராடுக்காகக் காத்திருந்தார்கள். அவர்களைத் தாண்டி நேராக உள்ளே போய்க் கேரியரைத் திறந்து வைத்தான். துணிக்குள் முழுசாக இருந்தது. நான் பின்னாலேயே போனேன்.

"சிக்கிக்கிச்சிண்ணே. முன்னயும் வரல, பின்னயும் வரல. உம் புள்ளிய நம்பித்தான வந்தேன்" என்றான்.

என் வீட்டுக்காரர் அதை இரண்டு கையாலும் எடுத்தார். எல்லோருடைய வேலையும் ஒன்றாகச் சேர்ந்ததை அன்றைக்குத்தான் அவர் பார்க்கிறார். ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துத் திருப்பினார். ஓரிடத்தில் கண் நின்றது. எதிர்ப்பக்கம் சாய்ந்த கோடு. நிமிர்ந்து என்னைப் பார்த்தார். நான் பார்வையை எடுக்கவில்லை.

ஒரு தட்டுத் தட்டினால் அவரால் கழற்றிவிட முடியும். அது எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும். கல்யாணம் ஆன நாளிலிருந்து அந்த மனிதரிடம் நான் எதையும் அப்படிக் கெஞ்சியதில்லை. வாயைத் திறக்காமல்தான் கெஞ்சினேன்.

"வராது" என்றார் அவர்.

"இன்னாண்ணே சொல்ற?"

"தப்பு எங்க வூட்டுதுதான். எங்க வழக்கம் உனுக்குத் தெரியுமில்ல." துப்பாக்கியைப் பட்டறைக்கல்லில் வைத்துவிட்டு, சம்மட்டியை எடுத்து என்னிடம் நீட்டினார். "நீ அடி."

"சிக்கினத மட்டும் ஒடைண்ணே, மொத்தமாவா" என்று தங்கமணி கையை நீட்டினான். வாசலில் கரும்புக்காரர்கள் எட்டிப் பார்த்தார்கள். அவனால் குரலை உயர்த்த முடியவில்லை. என்ன சொல்லிக் கத்துவான்? நான் அடித்தேன். மூன்றாவது அடியில் அது துப்பாக்கி என்று சொல்ல முடியாதபடி ஆனது. நான் நிறுத்தவில்லை.

தங்கமணி என்னையே பார்த்துக்கொண்டு நின்றான். பிறகு நிதானமாகச் சொன்னான். "அண்ணன் எதையும் ரெண்டாத்தான் கடைவாருன்னு ஊருக்கே தெரியும். அந்த ரெண்டாவது எங்க?"

"இதுக்கு ஒண்ணுதான் கடஞ்சேன்" என்றார் என் வீட்டுக்காரர். "புதுசும் கடைய மாட்டேன். போலீசு வந்து எம்புள்ளிய கேட்டா, யாருக்குக் கடஞ்சேன்னு சொல்லிடுவேன். உங்கண்ணங்கிட்ட பேசிப் பாரு."

கேரியரை மட்டும் எடுத்துக்கொண்டு அவன் போனான். பஸ் ஏறுகிற வரைக்கும் நான் வாசலில் நின்றேன்.

உள்ளே வந்தபோது அவர் கரும்புக்காரர்களின் ராடில் குனிந்திருந்தார். எனக்கு அழுகை வந்தது. அவர் எனக்காகப் பொய் சொன்னார் என்று நினைத்துத்தான் வந்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டு, கெட்ட புத்தி விடவில்லை, மரப்பெட்டியைத் திறந்தேன்.

அடியில், எண்ணெய்த் துணியில் சுற்றி, அது இருந்தது. என் அரம் படாதது. கண்ணாடி மாதிரி மின்னியது.

"இது எதுக்குங்க?" என்றேன்.

"நான் கடஞ்சதுலயே அதான் நல்லா வந்துது" என்றார்.

அவர் சொன்னது உண்மை. அதனால்தான் எனக்கு அவரைத் திட்ட மனம் வரவில்லை. நான் அதைக் கல்லில் வைத்தேன். அவர் எனக்கு முதுகைக் காட்டித் திரும்பி லேத்தைப் போட்டார். ராடு எதுவும் அதில் மாட்டியிருக்கவில்லை. சும்மா சுற்றிக்கொண்டிருந்தது. அந்தச் சத்தத்தில் நான் அடித்தது அவருக்குக் கேட்டிருக்காது.

சடையன் இன்னும் மரவள்ளி போடுகிறார், போன மாதம்கூட மோட்டார் புஷ்ஷுக்கு வந்தார். நான் புதன்கிழமை தோறும் அந்தப் பெட்டியைத் திறந்து அடிவரைக்கும் கிளறிப் பார்க்கிறேன். என் வீட்டுக்காரருக்கும் அது தெரியும். பெட்டியை அவர் பூட்டுவதில்லை.