கொட்டிலுக்குப் போன தேசிக்காய்

பிள்ளை இல்லாத வீட்டில் புருஷன் சிரித்தாலும் சந்தேகம், சிரிக்காவிட்டாலும் சந்தேகம். என் புருஷன் ஹமீட் ஒட்டுசுட்டான் சந்தியில் பலசரக்குக் கடை வைத்திருந்தார். தொட்டில் கட்டாத வீட்டுக்கு அவர் இன்னொருத்தியைக் கொண்டுவந்தால் ஊரில் ஒருவரும் ஏன் என்று கேட்கப்போவதில்லை. அந்தப் பயம் எப்போதும் என் வயிற்றில் கிடந்தது.

எல்லாம் அந்தப் படம் வந்த பிறகுதான் தொடங்கியது. கொழும்பிலிருந்து ஒரு வான் வண்டி வந்து, பள்ளிக்கூட மைதானத்தில் வெள்ளைச் சீலை கட்டி, விண்வெளிக்குப் போக அமெரிக்கர்களை எப்படிப் பழக்குகிறார்கள் என்று காட்டியது. பெட்டி மாதிரியான அறைக்குள் அடைத்தார்கள். தண்ணீருக்குள் அமிழ்த்தினார்கள். காட்டில் விட்டு, பாம்பு பிடித்துத் தின்னவும் பழக்கினார்கள்.

"இஞ்ச அனுப்பினா யானைக்குத் தப்பி ஓடவும் பழக்கி விடுவமே!" என்று யாரோ கத்த, மைதானமே சிரித்தது.

பிறகு ஒருவனைக் கதிரையில் கட்டிச் சுற்றோ சுற்றென்று சுற்றினார்கள். அவனோடு கூடப் போகிறவன் பக்கத்தில் வாளியோடு நின்றான். தலைச்சுற்று விட்டுப்போகும்வரை தினமும் இப்படித்தானாம். நாங்கள் வயிறு வலிக்கச் சிரித்தோம். இவர் மட்டும் கண் கொட்டாமல் பார்த்துக்கொண்டிருந்தார்.

அதற்குப் பிறகு பின்னேரங்களில் கடையைப் பூட்டிவிட்டு எங்கேயோ போகத் தொடங்கினார். கேட்டால், "தவராசாவோட கொஞ்சம் கதைச்சிட்டு வாறன்" என்பார். தவராசா அண்ணை வாய்க்காலுக்கு அப்பால் வயல் செய்கிறவர், இவருடைய பழைய கூட்டாளி. ஆனால் அந்தப் பாதையில்தான் புருஷனை இழந்த ஜொஹறாவின் வீடும் இருந்தது. போதாததற்கு என் குசினியில் தேசிக்காய் குறைந்துகொண்டே வந்தது. ஆம்பிளைக்கு எதற்குத் தேசிக்காய்? மசக்கைக்காரிக்கல்லவா எலுமிச்சைப் புளிப்பு வேண்டும்!

ஒரு நாள் சோற்றைப் பிசைந்தபடி, தலை நிமிராமல் சொன்னார்.

"சரீபா, நான் ஏதும் பிழை செய்திருந்தா பொறுத்துக்கொள்."

"என்ன பிழை செய்தனீங்கள்?"

"சும்மா கேட்டன்."

சும்மா கேட்டாராம்! குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்காமல் இருக்குமா?

மறுநாள் அவர் பின்னாலேயே போனேன். ஜொஹறாவின் வாசல் படலையை அவர் திரும்பியும் பார்க்கவில்லை. மனம் கொஞ்சம் ஆறியது. தவராசா அண்ணையின் நெல்லுக் கொட்டிலுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். கொஞ்ச நேரத்தில் உள்ளேயிருந்து யாரோ ஓங்காளித்துச் சத்தி எடுக்கிற சத்தம் கேட்டது. அல்லாஹ்வே, அந்த மசக்கைக்காரியை இங்கேயா ஒளித்து வைத்திருக்கிறார்! அழுகையும் ஆத்திரமும் ஒன்றாக வர, கதவை உதைத்துத் திறந்தேன்.

கூரை வளையிலிருந்து கயிற்றில் ஒரு கதிரை தொங்கியது. அதில் சால்வையால் கட்டுண்டு, முகம் வெளிறி, என் புருஷன் சுழன்றுகொண்டிருந்தார். கீழே ஒரு வாளி. பக்கத்தில் வெட்டின தேசிக்காயோடு தவராசா அண்ணை.

"தங்கச்சி, நான் வேண்டாமெண்டுதான் சொன்னனான்" என்றார் அவர் அவசரமாக.

கதிரை நிற்கும்வரை காத்திருந்தேன்.

"ஹஜ்ஜுக்கு இடம் கிடைச்சிருக்கு" என்றார் இவர். "கப்பல் பயணம்."

எல்லாம் விளங்கியது. முன்பொருமுறை ஊர் முழுக்கப் பயணம் சொல்லி நாகூருக்குப் புறப்பட்டவர், தலைமன்னார்க் கப்பலில் குடல் வெளியே வருமளவுக்குச் சத்தி எடுத்து, அதே கப்பலில் திரும்பிவந்தார். 'பாதிக்கடல் ஹமீட்' என்று ஊர் இன்னும் சிரிக்கிறது. அதற்குப் பயந்துதான் இந்த ஒளிப்பு. அன்றைக்கு என்னைப் பொறுக்கச் சொன்னதும் ஹஜ்ஜுக்குப் போகிறவர்கள் எல்லாரிடமும் கேட்கிற மன்னிப்புத்தான்.

நெஞ்சு லேசானது. அதன் பின்னாலேயே கோபமும் வந்தது.

"என்னை விட்டிட்டோ போறீங்கள்?"

"நீயேன் கடலில கஷ்டப்படோணும்? நான் போய்ப் பிள்ளைக்கு துஆ கேட்டிட்டு வருவமெண்டு..."

"தனியப் போய்க் கேக்க, அது உங்கட பிள்ளை மட்டுமோ?"

 நான் சால்வையை அவிழ்த்து அவரை இறக்கிவிட்டுக் கதிரையில் ஏறி இருந்தேன்.

"அண்ணை, சுத்துங்கோ."

கூரை சுழன்றது, நெல்லு மூட்டைகள் சுழன்றன, அவருடைய வெளிறிய முகமும் சுழன்றது. எனக்கு ஒன்றும் செய்யவில்லை. இறங்கி நேராக நடந்துபோய் வாளியைக் கையில் எடுத்தேன்.

"படத்தில வாளி பிடிச்சவனும் கூடப் போறவன்தானே?" என்றேன்.

அவர் என்னையும் வாளியையும் மாறி மாறிப் பார்த்தார்.

"ஓம்" என்றார். அதற்குமேல் பேச விடாமல் அடுத்த சத்தி வந்தது. வாளியைப் பிடித்தேன்.