தாய்மாமனுக்கு வந்த கார்டு

சாரல் விட்டபாடில்லை. சுடலைராஜ் முகமூடியை மாட்டியதுமே கண்ணாடியில் ஆவி படிந்து, எதிரே நின்ற தேக்குமரங்கள் கலங்கித் தெரிந்தன. புளியறை ரோட்டிலிருந்து உள்ளே தள்ளியிருக்கும் இந்தத் தோப்பில் சாயக் குண்டால் ஒருவரையொருவர் சுடும் பெயிண்ட்பால் விளையாட விடுகிறார்கள் என்று கண்டுபிடித்து, கூட்டாளிகளைத் திரட்டி வந்தவன் ஜோஷ்வா. அவனுக்கு விளையாட்டு ஒரு சாக்கு. சுடலைராஜும் அவன் மச்சினன் விஜய்பாண்டியும் முகம் பார்த்துப் பேசிவிட வேண்டும்.

பேசித்தான் ஆக வேண்டும். வருகிற ஞாயிற்றுக்கிழமை சுடலைராஜின் மகள் ஆதிராவுக்குச் சாஸ்தா கோயிலில் காதுகுத்து. பிள்ளையை மடியில் வைத்துக்கொள்ள வேண்டியவன் தாய்மாமன். சுடலைராஜின் மனைவி மஞ்சுவோடு பிறந்தவன் விஜய்பாண்டி ஒருத்தன்தான். அவன் வரமாட்டேன் என்றுவிட்டான்.

வினை சுடலைராஜ் தேடிக்கொண்டது. தாய்மாமனை வீட்டுக்குப் போய், தாம்பாளத்தில் வெற்றிலை பாக்கு வைத்து, வாயால் அழைக்க வேண்டும். மஞ்சு இறந்து வருஷம் கழிந்துவிட்டது. யார் வீட்டு வாசலிலும் போய் நின்று பேச அவனுக்கு இன்னும் மனசு வரவில்லை. வாட்ஸ்அப்பில் எல்லாருக்கும் கார்டை அனுப்பியபோது, ஆபீஸ்காரர்களுக்குப் போன மாதிரியே விஜய்பாண்டிக்கும் போய்விட்டது.

"ஏலே, ரெண்டு பேரும் ஒரே டீம்ல நில்லுங்க" என்றான் ஜோஷ்வா.

"இவரு பெரிய ஆளுலே. நம்மகூடல்லாம் நிப்பாரா? நான் அந்தப் பக்கம் போயிக்கிடுதேன்" என்றான் விஜய்பாண்டி. ஆயுதப்படையில் கான்ஸ்டபிள். முன்பெல்லாம் வாய்க்கு வாய் அத்தான் என்பான். காலையிலிருந்து ஒரு அத்தான் இல்லை.

தோப்புக்காரர் விதிகளைச் சொன்னார். குண்டு பட்டால் கையைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்துவிட வேண்டும். கை தூக்கியவனைச் சுடக் கூடாது. பக்கத்தில் நிற்கிறவனையும் சுடக் கூடாது.

விசில் ஒலித்தது. சுடலைராஜ் ஒரு மரத்தடியில் போய் நின்றான். ஒளியவுமில்லை, சுடவுமில்லை. சத்தென்று தோளில் விழுந்து மஞ்சள் சாயம் தெறித்தது. கையைத் தூக்கினான். அடுத்தது முழங்காலில். பிறகு விலாவில்.

"கையத் தூக்கிட்டாம்லே! கண்ணு அவிஞ்சா போச்சு?" என்று ஜோஷ்வா தூரத்திலிருந்து கத்தினான்.

"ஆவி அடிச்சிருக்குலே, ஒண்ணுந் தெரியல" என்றது விஜய்பாண்டியின் குரல்.

தெரியாதவன் குறி இப்படி விழாது. வெளியே போக வேண்டிய சுடலைராஜ், கையை இறக்கிவிட்டு மச்சினனைப் பார்த்து நடந்தான். நெஞ்சில் ஒன்று வெடித்தது. வலித்தது. வலிக்கிறது என்று தெரிந்தது, அவ்வளவுதான்.

"அங்கனயே நில்லும் ஓய்."

நின்றான். "ஞாயித்துக்கிழமை பிள்ளைக்கு..."

"கார்டு வந்துது. பாத்தேன். நல்ல டிசைன்."

"தப்புதான்."

"எது தப்பு? அக்கா போனதையும் போன்லதான அனுப்புனீரு? பந்தோபஸ்துல நிக்கேன். எடுத்துப் பாத்தா, 'மஞ்சு நோ மோர்'. இங்கிலீஷ்ல. லீவு லெட்டர் மாதிரி. ஒரு போனடிச்சு, மாப்ளேன்னு அழுதா என்ன, கொறஞ்சா போயிருவீரு?"

அன்றைக்கு அந்த வரியைத் தமிழில் அடிக்கச் சுடலைராஜுக்கு விரல் வரவில்லை. இப்போது அதைச் சொன்னால் சாக்கு மாதிரி இருக்கும்.

"நானும் அம்மையும் இன்னும் உம்ம வாயால கேக்கல. மொதல்ல அதச் சொல்லும். பொறவு காதுகுத்தச் சொல்லும்."

வாயைத் திறந்தான். முகமூடிக்குள் மூச்சுதான் வந்தது. துப்பாக்கி மறுபடி வெடித்தது, வயிற்றில். நடுவே நாலு எட்டுகூட இல்லை. மடங்கிக் குனிந்து, மெல்ல நிமிர்ந்தான்.

"சொல்லும்!"

"மஞ்சு... மஞ்சு செத்துப் போயிட்டா, மாப்ளே."

விஜய்பாண்டி துப்பாக்கியை இறக்கவில்லை. ஆனால் மறுபடி சுடவுமில்லை.

"மத்ததையும் சொல்லும்."

"ஞாயித்துக்கிழமை ஆதிராவுக்குக் காது குத்துதோம். நீ வந்து மடியில வச்சுக்கிடணும்."

"வருதேன். எங்க அக்கா பிள்ளைக்கு. உமக்காக இல்ல. குத்தி முடிஞ்சதும் போயிருவேன். சாப்பிடுன்னு எங்கிட்ட வந்து நிக்கக் கூடாது."

"சரி."

"அத்தான்னும் இனி என் வாயில வராது."

"வர வேண்டாம்."

ஜோஷ்வா மூச்சிரைக்க ஓடி வந்தான். "என்னலே, ராசியாயிட்டீங்களா?"

"அடுத்த ஆட்டத்துல இவர என் டீம்ல மட்டும் போட்டிராத" என்று விஜய்பாண்டி தன் பக்கத்துக்கு நடந்தான்.

சுடலைராஜ் வயிற்றை ஒரு கையால் அழுத்திக்கொண்டு முகமூடிக் கண்ணாடியைத் துடைத்தான். இதுவரை ஒரு குண்டுகூட அவன் சுட்டிருக்கவில்லை. அடுத்த விசிலுக்கு, கூப்பிடாமலே முதல் ஆளாகப் போய், ஆட்டம் தொடங்கும் கோட்டில் துப்பாக்கியோடு நின்றான்.