வியாழக்கிழமைப் புலம்பல்

ஆராய்ச்சி மாணவர்கள் மனம் தளராமல் இருப்பது எப்படி என்று சொல்லித்தர ஒரு அம்மையார் பல்கலைக்கழகத்துக்கு வந்தார். "தோல்விய மனசுக்குள்ள பூட்டி வெக்காதீங்க. நண்பர்களோட பகிர்ந்துக்குங்க" என்று சொல்லிவிட்டு, கொடுத்த பூங்கொத்தை வாங்கிக்கொண்டு போய்விட்டார். எதைச் சொன்னாலும் அதற்கு ஒரு வழிமுறை வகுத்து, அளந்து பார்த்து, கடைசியில் கெடுத்துவிடுகிற கூட்டம் இது என்று பாவம், அவருக்கு யாரும் சொல்லவில்லை.

மூன்று பேர் அந்த யோசனையைப் பிடித்துக்கொண்டார்கள். உப்பு நிலத்திலும் முளைக்கும்படி விதைகளுக்கு மேல்பூச்சுப் பூசிப் பார்ப்பவளை எல்லாரும் விதை என்றே கூப்பிட்டார்கள். தானியத்தைத் துளைக்கும் பூச்சிகளை வளர்ப்பவன் வண்டு. அந்தக் கட்டடத்தில் யாருக்குப் புள்ளிவிவரம் உதைத்தாலும் தீர்த்துவைப்பவள் கணக்கு. பெற்றவர்கள் ஆசையாக வைத்த பெயர்கள் அடையாள அட்டையில் தூங்கின.

வியாழன் மதியம், கேன்டீன் மூலை மேசை. அந்த வாரம் எது ஊற்றிக்கொண்டதோ அதை ஒவ்வொருவரும் சொல்ல வேண்டும். மற்ற இருவரும் "அய்யோ" என்று சொல்ல வேண்டும். சும்மா சொல்லக் கூடாது, அதற்குப் பலனும் இருந்தது; விதை அந்தச் சமயத்தில் பெட்டியைக் கட்டிக்கொண்டு வீட்டுக்கே போய்விடுகிற முடிவில் இருந்தாள். அந்த இரண்டு "அய்யோ"க்கள்தான் அவளைப் பிடித்து நிறுத்தின.

நன்றாகப் போய்க்கொண்டிருந்த விஷயத்தில் கணக்கு ஒரு நாள் மூக்கை நுழைத்தாள்.

"உன் வண்டு ஒரே ஒரு தடவைதானே செத்துச்சு?" என்று அவனிடம் கேட்டாள். "அதுக்குப் பேரு தோல்வி இல்ல, விபத்து. மூணு தடவை சாகட்டும், அப்புறம் வா."

அவ்வளவுதான். அடுத்த வாரம் வண்டு வரைபடத்தோடு வந்தான். அதற்கடுத்த வாரம் விதை வண்ணத்தில் கொண்டுவந்தாள். யாருடைய தோல்வி உறுதியானது, யாருடையது வெறும் கவனக்குறைவு என்று தட்டு ஆறும்வரை வாதாடினார்கள். இதில் வண்டுவை அடித்துக்கொள்ள ஆளே இல்லை. அவன் வளர்த்தவை எண்ணுவதற்கு முன்பே செத்தன. சூட்டைச் சரிசெய்ததும் பிழைத்தன; பிழைத்த கையோடு தப்பித்துப்போய்த் துறைத்தலைவரின் பிஸ்கட் டப்பாவில் குடியேறின.

இப்படி இருக்கையில் விதையின் விதைகள் முளைத்துத் தொலைத்தன.

அவள் நம்பவில்லை. மறுபடி போட்டாள். மறுபடியும் முளைத்தன. கதவைச் சாத்திக்கொண்டு, கையுறையோடு, தனியாக ஒரு ஆட்டம் போட்டாள். பிறகுதான் அன்றைக்கு வியாழன் என்பது உறைத்தது. அன்று காலையில்தான் வண்டுவின் பூச்சிகள் ஒன்று மிச்சமில்லாமல் செத்திருந்தன. அவன் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தான், வாய்க்குக் கொண்டுபோகவில்லை.

"உன்னோடது?" என்று கேட்டான்.

"அழுகிப்போச்சு" என்றாள் விதை.

"வரைபடம்?" என்றாள் கணக்கு.

அடுத்த வியாழனுக்குள் அதையும் தயார் செய்தாள். வராத முடிவை வந்ததாகக் காட்டுகிறவர்கள் இருக்கலாம். வந்து தளதளவென்று நிற்பதை அழுகியதாகக் காட்டி, உட்கார்ந்து வரைபடம் போட்ட புண்ணியவதி இவளாகத்தான் இருக்க வேண்டும். பேராசிரியரிடமும் மூச்சு விடவில்லை. அவரிடம் சொன்னால் மாடி முழுக்கக் கேட்கும். முளைத்துவிட்டது என்று தெரிந்தால் அந்த மேசையில் தனக்கு என்ன வேலை என்பதுதான் அவளை அரித்தது. அந்த இரண்டு பேரை விட்டால் அவளுக்கு அந்த ஊரில் பேச ஆளில்லை.

மூன்றாவது வியாழனுக்கு முந்தின நாள் வண்டு மூச்சிரைக்க விதையின் ஆய்வறைக்கு ஓடிவந்தான். கையில் ஒரு கண்ணாடித் தட்டு.

"முளைச்சிருச்சு! ஏய், உன்னோடது முளைச்சிருச்சு!"

"எ... எங்க?"

"என் ரூம்ல. உன் மூஞ்சியப் பாத்துட்டு எனக்கு மனசு கேக்கல. பூச்சி வளக்கிற என் பெட்டி சும்மாதானே கெடக்கு? உன் ஃபிரிட்ஜுலேருந்து கொஞ்சம் விதைய எடுத்து, உன் முறைப்படியே உப்புத் தண்ணியில போட்டுப் பாத்தேன். எங்க தப்புன்னாவது கண்டுபிடிக்கலாம்னு. தப்பே இல்ல!" அவன் கண் கலங்கியிருந்தது. "நாலு வருஷத்துல என் கையில உயிரோட இருக்கிற முதல் ஜீவன் இதுதான்."

ஆச்சரியப்பட்டதுபோல் நடித்துவிட்டால் கதை முடிந்தது. விதை வாயைத் திறந்தாள். அந்த முகத்தைப் பார்த்து நடிக்க அவளால் முடியவில்லை. அலமாரிக் கதவைத் திறந்து காட்டினாள். தட்டுத் தட்டாகப் பச்சை.

வண்டு குனிந்து, தட்டுகளில் எழுதியிருந்த தேதிகளை ஒவ்வொன்றாகப் படித்தான்.

"ரெண்டு வாரமா எங்களோட உக்காந்து அழுதியே?"

"அழுதது நிஜம். காரணம்தான் வேற. சொன்னா நீங்க என்னைச் சேத்துக்க மாட்டீங்களோன்னு..."

"அவ்வளவு அற்பமா நெனச்சிட்டே எங்கள. உனக்கு நல்லது நடந்தா எனக்கு வயிறு எரியும்னு." அவன் தட்டை மெதுவாக மேசையில் வைத்தான். "எரியும்தான். அதுக்காக?"

விதைக்கு வெட்கமாக இருந்தது. "மன்னிச்சிரு" என்றாள். அவன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான்.

சத்தம் கேட்டு வந்து, வாசலிலேயே எல்லாவற்றையும் கேட்டுவிட்ட கணக்கு, இருவர் முகத்தையும் விட்டுவிட்டுத் தட்டைப் பார்த்தாள்.

"இரு. உனக்கு இது முளைச்ச விஷயமே தெரியாது?"

"தெரியாது" என்றான் வண்டு.

"அழுகும்னு நெனச்சுத்தான் போட்டே? வேற ரூம், வேற பெட்டி, வேற கை?"

"ஆமா, அதுக்கென்ன?"

கணக்கு நாற்காலியை இழுத்து உட்கார்ந்தாள். "இதவிடச் சுத்தமா ஒரு முடிவ யாராலும் உறுதிப்படுத்த முடியாது. கட்டுரையில இவன் பேரும் வருது. நீ முதல்ல அந்தத் திருட்டு வரைபடத்தக் கிழிச்சுப் போடு."

விதை அப்போதே கிழித்தாள். வண்டு இன்னும் ஜன்னல் பக்கமே திரும்பி நின்றிருந்தான். கோபம் முழுக்கத் தணியாத குரலில் கேட்டான்.

"எங்கம்மாகிட்ட மட்டும், எனக்கு ஒரு நல்ல முடிவு வந்துச்சுன்னு சொல்லிக்கட்டுமா?"

"உனக்கு வந்ததுதானே" என்றாள் விதை.

அவன் ஃபோன் போட்டான். "அம்மா, முளைச்சிருச்சும்மா."

அந்தப் பக்கத்துக் குரல் அறை முழுக்கக் கேட்டது. "வண்டு எப்படிடா முளைக்கும்?"

கணக்கு வாயைப் பொத்திக்கொண்டாள். அவன் சிரித்தான், மூக்கை உறிஞ்சிக்கொண்டான். பிறகு தட்டைக் கையில் எடுத்து வைத்துக்கொண்டு, "இல்லம்மா, என் ஃப்ரெண்டு ஒருத்தி இருக்கா" என்று ஆதியிலிருந்து சொல்ல ஆரம்பித்தான்.