கெடிலம் பாய்ஸ் பாதியில் விட்ட பாட்டு

"வயித்துல புள்ளையோட நின்னா. எட்டி ஒதைச்சேன். அந்தப் புள்ள தங்கல. அப்பேர்ப்பட்ட பாவியத்தான் என் கர்த்தர் தேடி வந்தாரு."

ஜான்சி டீ கிளாஸைத் தரையில் வைத்தாள். பத்தடி தள்ளி, சிதம்பரத்தில் அந்தக் காலத்தில் மேடை போட்ட அதே மைதானத்தில் நின்று, கேமராவைப் பார்த்து இதைச் சொன்னவர் அவள் புருஷன் இளவரசு. சொல்லிவிட்டுக் கண்ணையும் துடைத்துக்கொண்டார். படம் எடுக்க வந்த மாலதிக்கும் கண் கலங்கிவிட்டது. ஜான்சிக்குக் கண் கலங்கவில்லை. கோபம்தான் வந்தது.

மாலதி சென்னைப் பெண். அவள் அப்பா எண்பதுகளில் சிதம்பரத்தில் படித்தவர், கெடிலம் பாய்ஸ் ராக் குழு என்றால் அவருக்கு உயிர். கடலூர்ப் பையன்கள் நாலு பேர், தோள் வரைக்கும் முடி, அதில் சிவப்பு கிடாரோடு முன்னால் நிற்பவர் இளவரசு. ஊரில் மற்ற குழுவெல்லாம் சினிமாப் பாட்டு வாசித்துக்கொண்டிருந்தபோது இவர்கள் சொந்தமாகத் தமிழில் பாட்டுக் கட்டி, தொண்டை கிழியக் கத்துவார்கள். கல்லூரி விழாக்களில் பெஞ்சு உடையும். கடலூரில் வாடகைக்கு வீடு கொடுக்க ஆள் கிடையாது, சிதம்பரத்தில் தோளில் தூக்கிக்கொண்டு போனார்கள். அப்பா வைத்திருந்த கேசட்டைக் கேட்டு வளர்ந்த மாலதி, இந்த 2009-இல் இளவரசைத் தேடிப்பிடித்து வந்தாள். பார்த்தால் வழுக்கைத் தலை, வெள்ளை முழுக்கைச் சட்டை, பெயர் பிரதர் எலியா. செம்மங்குப்பம் பக்கத்து ஜெபக் கூடத்தில் மரக் கிடார் வாசிக்கிறார். டாக்குமெண்டரிக்கு இதைவிட வேறென்ன வேண்டும்?

இதில் வேடிக்கை என்னவென்றால், வீட்டில் பிறவிக் கிறிஸ்தவள் ஜான்சிதான். லுத்தரன் சபைக்காரி. அவர்கள் கோயிலில் எல்லாரும் சேர்ந்து ஒரே குரலில் பாவ அறிக்கையைப் படித்துவிட்டு உட்கார்ந்துவிடுவார்கள். யார் என்ன செய்தார் என்ற வம்பே கிடையாது. நேற்று சபைக்கு வந்த புருஷன்தான் அவளுக்கே ரட்சிப்பைப் பற்றி வகுப்பெடுத்தார். சரி, மனுஷன் நிம்மதியாகத் தூங்குகிறாரே என்று அவர் கூடவே அந்தக் கூடத்துக்குப் போனாள்.

அந்தக் கூடத்தில் ஞாயிறுதோறும் சாட்சி சொல்ல வேண்டும். யார் வேண்டுமானாலும் எழுந்து, தான் எப்படிக் கெட்டுக் கிடந்தேன், எப்படி மீட்கப்பட்டேன் என்று சொல்லலாம். குறுக்கே யாரும் பேசக் கூடாது. மூச்சு விடும் இடத்திலெல்லாம் சபை "ஸ்தோத்திரம்" என்னும். ரொம்ப நீட்டி முழக்கினால் மட்டும் பாஸ்டர் ராஜமாணிக்கம் ஒரு விரலைத் தூக்குவார். உடனே இளவரசு கிடாரை மீட்ட, சாட்சி பாட்டில் கரைந்துவிடும். சாட்சி என்றால் கொஞ்சம் உப்பு, காரம் தூக்கலாகத்தான் இருக்கும். இரண்டு பீடி குடித்தவர் கஞ்சாவில் கிடந்ததாகச் சொல்வார். இளவரசும் முதல் வருஷச் சாட்சியில் குடித்தேன் என்றார், அது நிஜம். பிறகு மனைவியை அடித்தேன் என்றார். அப்புறம் முடியைப் பிடித்துத் தெருவில் இழுத்தேன் என்றார். ஜான்சி முக்காட்டுக்குள் சிரித்துக்கொண்டாள். என் முடி என்ன தேர் வடமா, இழுத்துவிட்டுப் போகட்டும்.

ஆனால் பிள்ளை விஷயம் இன்றைக்குத்தான் முதல் முறை.

மாலதி சின்ன மைக்கை அவள் முந்தானையில் குத்த வந்தாள். "ஆன்ட்டி, அந்தக் குழந்தையப் பத்தி நீங்களும் ஒரு வார்த்தை சொன்னீங்கன்னா..."

"குத்தாதம்மா. இது நல்ல பொடவ." ஜான்சி போய் வேனில் ஏறி உட்கார்ந்துகொண்டாள்.

வேன் கடலூர் வருகிற வரைக்கும் பொறுக்க முடியவில்லை. பரங்கிப்பேட்டை தாண்டும்போதே ஆரம்பித்துவிட்டாள்.

"ஏங்க, எப்பங்க ஒதைச்சீங்க என்னை?"

இளவரசு ஜன்னலைப் பார்த்தார். "அன்னிக்கு நான் ஒங்கூட இல்ல ஜான்சி. நீ ஆஸ்பத்திரியில கெடந்த, நான் மேடையில ஆடிக்கிட்டிருந்தேன். ஒதைச்சதுக்கும் அதுக்கும் என்ன வித்தியாசம்?"

"இருக்கு. ஒதைச்சா வலிச்சிருக்கும். எனக்கு வலிக்கல."

"ஒனக்குப் புரியாது. நாளைக்கு சபையிலயும் இதத்தான் சொல்லப் போறேன். பாஸ்டர் கேட்டாரு. அந்தப் பொண்ணும் படம் புடிக்க வருது."

ஜான்சி முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டாள். புருஷன் பொய் சொல்லவில்லை என்று புரிந்ததுதான் அவளைப் பயமுறுத்தியது. இருபது வருஷமாக நெஞ்சில் வைத்துப் புழுங்கிப் புழுங்கி, உதைத்ததாகவே நம்பிவிட்டார். படம் வெளியே வந்தால் ஊரும் நம்பும். பெற்ற ஒரே பிள்ளை, அப்பன் காலால் செத்த பிள்ளை என்றாகிவிடும். பெயர்கூட வைக்காத பிள்ளைக்கு இப்படி ஒரு முகவரியா?

ஞாயிற்றுக்கிழமை கூடம் நிறைந்திருந்தது. பெண்கள் பக்கம் பாயில் ஜான்சி. மேடையோரம் கிடாரோடு இளவரசு. மாலதி கேமராவை அவர் முகத்துக்கு நேராக வைத்துவிட்டுக் காத்திருந்தாள். "சாட்சி இருக்கிறவுங்க எழும்புங்க" என்று பாஸ்டர் சொல்லி வாய் மூடவில்லை, இளவரசு கிடாரைக் கழற்றக் கை வைப்பதற்குள் ஜான்சி எழுந்து நின்றாள். இத்தனை வருஷத்தில் அவள் எழுந்ததே கிடையாது. முக்காடு நழுவியது. சரிசெய்யவில்லை.

"கர்த்தருக்கு ஸ்தோத்திரம். எம் புருஷன் என்னை ஒதைச்சதே இல்ல."

"ஸ்தோத்திரம்" என்றது சபை, பழக்கதோஷத்தில்.

"அடிச்சதும் இல்ல. முடியப் புடிச்சு இழுத்ததும் இல்ல. எனக்கு ஏழாம் மாசம் காய்ச்சல் வந்து புள்ள வயித்துலயே போயிடுச்சி. அது யார் குத்தமும் இல்ல."

"ஸ்தோத்திரம்" கொஞ்சம் இழுத்துக்கொண்டு வந்தது. கேமரா அவள் பக்கம் திரும்பியது.

"சிதம்பரத்துல பாடிக்கிட்டிருந்தவரு, சேதி வந்ததும் பாதிப் பாட்டுல மேடைய வுட்டு எறங்கிட்டாரு. பிச்சாவரத்துலேருந்து வந்த மீன் வண்டியில ஏறி ஆஸ்பத்திரிக்கு வந்தாரு. ஒடம்பெல்லாம் கவிச்சி. நர்சம்மா தொரத்துனாங்க, வார்டு வாசல்லயே உக்காந்துட்டாரு. புள்ளையத் துண்டுல சுத்தி, கிடார் மாட்டுற தோள்ல சாச்சுத் தூக்கிட்டுப் போயி, அவரே குழி வெட்டிப் பொதைச்சாரு. அதோட பாடுறத வுட்டாரு. குடிச்சதெல்லாம் அதுக்கப்புறந்தான்."

இந்த முறை ஸ்தோத்திரம் வரவில்லை. பாஸ்டர் தொண்டையைக் கனைத்தார்.

"சிஸ்டர், கர்த்தர் நல்லவர். உக்காருங்க."

"நல்லவர்தான் பாஸ்டர், நான் பொறந்ததுலேருந்து அவரத் தெரியும் எனக்கு. பாவின்னாத்தான் அவரு வருவாரா? நல்ல மனுஷன்கிட்ட வர மாட்டாரா? என் வீட்டுக்காரரு ராக் பாடுனப்பவும் நல்ல மனுஷன். எம் புள்ளைய யாரும் சாவடிக்கல. அதப் படத்துல போடு மாலதி."

பாஸ்டர் விரலைத் தூக்கினார்.

டிரம்ஸ்காரன் குச்சியால் ஒரு தட்டு தட்டிவிட்டு, கிடார் வரவில்லையே என்று நிறுத்திக்கொண்டான். எல்லாரும் இளவரசைப் பார்த்தார்கள். அவர் வலது உள்ளங்கையைக் கம்பிகள்மேல் அழுத்தி வைத்திருந்தார். முகம் கோணிக்கொண்டு அழுகை வந்தது. மைதானத்தில் அழுத அழுகை இல்லை இது, ஆஸ்பத்திரி வாசலில் ஜான்சி பார்த்த அழுகை. பாஸ்டர் மறுபடியும் விரலைத் தூக்கி ஆட்டினார்.

ஜான்சி உட்காரவில்லை. கூடத்துப் பாட்டுக்கெல்லாம் கிடார் கழுத்தின் மேல்முனையிலேயே கிடந்து பழகிய அவர் இடது கை, மெல்ல நகர்ந்து, கிடாரின் வயிற்றை ஒட்டி, கம்பிகள் கீச்சென்று கத்தும் இடத்துக்கு வந்து நின்றது. அன்றைக்குச் சிதம்பரம் மேடையில் பாட்டை அந்த இடத்தில்தான் விட்டுவிட்டு இறங்கினார். வலது உள்ளங்கை இன்னும் எழவில்லை. அவள் இடுப்பில் கை வைத்துக்கொண்டு அதையே பார்த்து நின்றாள்.