இரண்டு கால்களுக்கு நடுவே ஒரு தையல்

ஆற்றுத்துறையில் ராஜாவின் சிப்பாய்களுடைய சிவப்புச் சட்டைகள் தெரிந்தபோது என் தம்பி ஃபெர்கர் பாறை இடுக்கில் சிக்கிய பசுவை இழுத்துக்கொண்டிருந்தான். இடுப்பில் கில்ட், எங்கள் ஆண்கள் மடிப்பு வைத்து முழங்கால்வரை கட்டும் கம்பளித் துணி. கால்சட்டை இல்லை.

"எத்தனை பேரு?" என்றான்.

"ஆறு. முன்னாடி ஒருத்தன் குதிரையில."

ஓட இடமில்லை. அந்தச் சரிவில் ஒளிய ஒரு மரம் கிடையாது, முழங்கால் உயரப் புதர்தான். ஓடினால் சுடுவார்கள். அவிழ்த்து எறிந்தாலும் எட்டு கஜக் கம்பளியை எங்கே மறைப்பது?

ஃபெர்கர் கில்ட் உடுத்தியதற்காக ஏற்கெனவே ஒருமுறை பிடிபட்டவன். இன்வெர்னஸ் சிறையில் ஆறு மாதம் கிடந்தான். இரண்டாம் முறை என்றால் கப்பலில் ஏற்றிவிடுவார்கள். கடலுக்கு அந்தப் பக்கம், ஏழு வருடம், முதலாளி சொன்ன வேலை. அப்படிப் போன யாரும் எங்கள் பள்ளத்தாக்குக்குத் திரும்பி நான் பார்த்ததில்லை.

கல்லோடன் போரில் ராஜாவின் படையிடம் தோற்றவர்கள் எங்கள் ஆட்கள். பதினோரு வருடமாகத் தண்டனை அனுபவிப்பது எங்கள் துணி. மலைநாட்டு ஆண்கள் கில்ட் உடுத்தக் கூடாது, கால்சட்டை போட வேண்டும் என்று லண்டனில் உட்கார்ந்து சட்டம் போட்டார்கள். கால்சட்டைக்குத் துணி யார் தருவது என்று அதில் எழுதவில்லை. எங்கள் ஊரில் ஆண்கள் ஏழு பேர், கால்சட்டை மூன்று. அன்று மூன்றும் சந்தைக்குப் போயிருந்தன.

"நில்லுடா. காலை அகட்டு" என்றேன்.

கழுத்துப்பட்டியில் நூலோடு செருகியிருந்த ஊசியை எடுத்துக்கொண்டு ஈரத் தரையில் மண்டியிட்டேன். கில்ட்டின் முன்விளிம்பையும் பின்விளிம்பையும் அவன் முழங்கால்களுக்கு நடுவே சேர்த்துப் பிடித்துக் குத்தினேன். நடுவில் தையல் போட்டுவிட்டால் அது கால்சட்டைதான் என்று சொல்லி, அடுத்த மாவட்டத்தில் ஒரு நீதிபதி ஒருவனை விட்டுவிட்டதாகக் கேள்வி. கேள்விதான். கையில் வேறெதுவும் இல்லை.

"அக்கா, குத்துது."

"குத்தட்டும். கப்பல்ல எலி கடிக்கும்."

"கட்டி வச்ச மூட்டை மாதிரி இருக்கேன்."

"மூட்டையை எவனும் கைது பண்ண மாட்டான். அசையாத."

அந்தத் துணி நான் நெய்தது. காலையில் அதைத் தரையில் விரித்து, கையால் மடிப்பு மடிப்பாக எடுத்து, அதன் மேலேயே மல்லாந்து படுத்து இடுப்பில் வாரைக் கட்டிக்கொண்டு எழுவான். மிச்சத் துணி தோளுக்குப் போகும். மழையில் அதுதான் கூரை, மலையில் தங்கினால் அதுதான் படுக்கை. கல்லோடனில் எங்கள் அப்பாவைப் புதைத்தபோதும் அவர் உடுத்தியிருந்ததில்தான் சுற்றிப் புதைத்தார்கள்.

குளம்புச் சத்தம் நெருங்கியது. நூலைப் பல்லால் கடித்துத் துண்டித்தேன்.

குதிரையில் வந்தவன் ஆங்கிலேய லெப்டினன்ட். என் வயதுதான் இருக்கும், முகமெல்லாம் சிவந்து கிடந்தது. அவன் பக்கத்தில் கார்ப்பரல் லாக்லன், மேட்டுக்கு அந்தப்புறத்து ஊர்க்காரன். அவன் அம்மாவும் என் அம்மாவும் ஒன்றாகக் கம்பளி துவைத்தவர்கள். அந்த லாக்லன் கில்ட் உடுத்தியிருந்தான். பின்னால் வந்த நால்வரும் கில்ட்தான். ராஜாவின் படையில் இருந்தால் மட்டும் உடுத்தலாம், அதே சட்டம்தான் சொல்கிறது. கில்ட் உடுத்தியவனைப் பிடிக்க ஐந்து கில்ட்கள் வந்து நின்றன. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"என்ன மர்சலி, மலையில தையக்கடை போட்டுட்டியா?" என்றான் லாக்லன்.

"உன்னோடது எதுவும் கிழிஞ்சிருந்தா சொல்லு. வாயையும் சேத்துத் தைச்சு விடறேன்."

பின்னால் இருந்தவர்கள் சிரித்தார்கள். லெப்டினன்ட் சிரிக்கவில்லை. சவுக்கு நுனியால் ஃபெர்கரின் துணியைத் தூக்கினான். "என்ன இது?"

கோட்டையில் இவர்கள் துணியைத் துவைத்தே இங்கிலீஷ் கற்றவள் நான். "கால்சட்டைங்க. நடுவுல தைச்சிருக்கு, பாருங்க."

குனிந்து பார்த்தான். தையல் இருந்தது. அவனுக்குக் குழப்பம். "நடக்கச் சொல்" என்றான்.

ஃபெர்கர் நடந்தான். அரையடி, அரையடியாக. நூல் தாங்கியது.

"உட்காரச் சொல்."

ஃபெர்கர் பாறைப் பக்கம் திரும்பினான். உட்காருவதற்கு முன் அவன் வலது கை தானாகப் பின்னால் போய், மடிப்புகளைத் தடவிச் சேர்த்துத் தொடைக்கு அடியில் தள்ளியது. எங்கள் ஊர்ப் பையன்கள் பேச்சு வருவதற்கு முன்பே கற்றுக்கொள்ளும் பழக்கம் அது. லெப்டினன்ட் நூலையே பார்த்துக்கொண்டிருந்தான். லாக்லன் கையைப் பார்த்துவிட்டான்.

"சார், கால்சட்டைக்காரன் உக்காரும்போது பின்னாடி தடவ மாட்டான்" என்றான் இங்கிலீஷில். "இது தினம் கில்ட் உடுத்தறவன் கை."

லெப்டினன்ட் நிமிர்ந்தான். ஃபெர்கரின் முகம் வெளுத்துவிட்டது.

நான் முன்னால் போய் நின்றேன். "சட்டம் துணிக்குத்தானே சார்? கைக்கும் உண்டா? கைக்கும் உண்டுன்னா முதல்ல உங்க கார்ப்பரல் கையைக் கட்டுங்க. அவரும் அப்படித்தான் உக்காருவாரு."

லெப்டினன்ட் குதிரையிலிருந்து இறங்கினான். கையுறையைக் கழற்றி, தையலுக்குள் விரலை விட்டு இழுத்தான். ஒருமுறை. இன்னொருமுறை, பலமாக. நூல் தோலை அறுப்பதுபோல் விறைத்து நின்றது.

"தைத்துத்தான் இருக்கிறது" என்றான் சலிப்போடு. "கால்சட்டை. விடு."

ஊசியைத் திரும்பக் கழுத்துப்பட்டியில் செருகினேன்.

லெப்டினன்ட் குதிரையில் ஏறிக்கொண்டிருந்தான். லாக்லன் எங்கள் மொழியில் மெல்லப் பேசினான். "ஃபெர்கர், இன்னிக்கு இவ நாக்கு காப்பாத்திருச்சு. அடுத்த வாரமும் நாங்க இந்த வழியாத்தான் வருவோம். அமெரிக்காச் சண்டைக்கு ஆள் எடுக்கறாங்க. சேந்துட்டீன்னா தையலும் வேண்டாம், ஒளியவும் வேண்டாம். ராஜாவே கில்ட் குடுப்பாரு."

"எப்படியும் கப்பல்தான்ங்கற. எந்தக் கப்பல்னு அவனே சொல்லணும், அவ்வளவுதானே?" என்றேன். "போய் உன் வேலையைப் பாரு. ஃபெர்கர், பசுவைப் பிடி."

அவன் பிடிக்கவில்லை. அந்த நால்வரின் முழங்கால்களைப் பார்த்துக்கொண்டு நின்றான். காற்றில் துணி விலகி விலகி விழுந்தது.

"அக்கா, நீ தினமும் தைப்பியா?"

"தைப்பேன்."

"இப்படி அரையடி வச்சு என்னால நடக்க முடியல."

"உசிரோட நடக்கற. அது போதாதா?"

"போதல."

"டேய், இங்க உடுத்தினா குத்தவாளி. அவங்க சண்டையில சாகறதுக்கு உடுத்தினா மட்டும் வீரன். எதுக்குத் தராங்கன்னு புரியலையா உனக்கு?"

"புரியுது" என்றான்.

புரியாமல் போயிருந்தால் மன்னித்திருப்பேன். புரிந்துதான் போனான். அவன் ஒரு காலைத் தூக்கிப் பாறை மேல் வைத்தபோது நூல் படபடவென்று அறுந்தது. லெப்டினன்ட் திரும்பிப் பார்த்தான்.

"படையில சேர்றான், சார்" என்றான் லாக்லன்.

தம்பியின் தோளில் தொங்கிய துணியை நான் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன். ஃபெர்கர் என் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தான். வலிக்காமல்தான் பிரித்தான்.

போகும்போது திரும்பிப் பார்த்தானா என்று ஊரில் எல்லோரும் கேட்டார்கள். எனக்குத் தெரியாது. நான் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றேன்.