இரண்டாம் சரணத்தில் ஓர் இருமல்

பாடகர் சுத்தமாகப் போய்விட்டார். பல்லவியில் ஆளைக் காணோம், முதல் சரணத்திலும் காணோம். அவர் பாடிய இடத்திலெல்லாம் வயலின்களும் புல்லாங்குழலும் பளிச்சென்று கேட்டன. அவள் ஹெட்ஃபோனைக் கழற்றாமலே நாற்காலியிலிருந்து துள்ளி எழுந்தாள். வயர் இழுத்ததில் மேசையிலிருந்த பேனாக்கள் நாலாபக்கமும் சிதறின.

"அம்மா! வந்துடுச்சும்மா! வந்தே வந்துடுச்சு!"

அடுத்த அறையிலிருந்து அம்மா ஈரத்துணியும் கையுமாக ஓடி வந்தாள். முகம் வெளுத்திருந்தது. அப்பா கடைசி மூச்சோடு படுத்திருக்கும்போது இப்படியெல்லாம் கத்தக் கூடாது என்பது மகளுக்கு அப்போதுதான் உறைத்தது.

"எதுடி வந்துச்சு? இப்படியா கத்துவே!"

"பாட்டும்மா. அப்பா பாட்டு. பாடகரை எடுத்துட்டேன்."

"காலையில டாக்டர் என்ன சொல்லிட்டுப் போனாரு? சொல்ல வேண்டியவங்களுக்கெல்லாம் சொல்லிடுங்கன்னாரு. நீ என்னடான்னா பாட்டு போட்டுக்கிட்டு இருக்கே."

"அதனாலதாம்மா அவசரப்படுறேன்."

அம்மா ஈரத்துணியோடு திரும்பிப் போனாள். பாட்டைப் பற்றி அவளுக்குத் தெரியாததா?

அந்த வீட்டில் அப்பா பாட்டு என்றால் ஒரே பாட்டுதான். அப்பா அதைப் பாடவில்லை, எழுதவில்லை, அதில் ஒரு வாத்தியத்தைத் தொடக்கூட இல்லை. அவர் ஏசி மெக்கானிக். ஆனாலும் அந்தப் பாட்டில் தான் இருப்பதாக வாழ்நாள் முழுக்கச் சாதித்துக்கொண்டிருந்தார்.

கல்யாணத்துக்கு முன்னால், ஓர் ஒலிப்பதிவுக் கூடத்தில் ஏசி படுத்துவிட்டதென்று அவரைக் கூப்பிட்டிருந்தார்கள். அந்தக் காலத்தில் பாடகரும் வாத்தியக்காரர்களும் ஒரே கூடத்தில் உட்கார்ந்து, முழுப் பாட்டையும் ஒரே மூச்சில் பதிவு செய்வார்கள். ஒருவர் தப்பு செய்தால் எல்லாரும் முதலிலிருந்து தொடங்க வேண்டும். அன்றைக்குக் காலையிலிருந்து யாராவது ஒருவர் சொதப்பிக்கொண்டே இருந்தார். கூடமே வியர்வையில் குளித்து, ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கப் பிடிக்காமல் இருந்தது. அப்பா ஏசிக்குப் பின்னால் குந்தி உட்கார்ந்து, தூசி அப்பிய ஃபில்டரைக் கழற்றிக் கையில் எடுத்த நேரம், பதிவு தொடங்கிவிட்டதென்று சிவப்பு விளக்கு எரிந்துவிட்டது. இனி வெளியே போகவும் முடியாது, அசையவும் முடியாது. இரண்டாவது சரணத்தில் தூசி தொண்டைக்குள் இறங்கியது. துண்டை வாயில் வைத்து அமுக்கினார், மூச்சைப் பிடித்தார், கண்ணில் தண்ணீர் வந்தது. கடைசியில் இருமியே விட்டார். நல்லவேளை, பாடகர் அந்த நேரம் பார்த்து உச்சிக்கு ஏறி, அங்கேயே நின்று இழுத்துக்கொண்டிருந்தார். பாட்டு முடிந்ததும் இசையமைப்பாளர் "ஓகே" என்றார். எல்லாரும் கை தட்டினார்கள். அப்பாவும் சேர்ந்து தட்டினார்.

அந்தப் பாட்டு போடு போடென்று போட்டது. பஸ்ஸிலும் கடைகளிலும் கல்யாண வீடுகளிலும் அதுதான். எங்கே கேட்டாலும், இரண்டாவது சரணம் வந்ததும் அப்பா ஆள்காட்டி விரலைத் தூக்குவார். "இப்போ... இப்போ... ஆங்! கேட்டுச்சா?"

யாருக்கும் கேட்டதில்லை. அம்மாவின் அண்ணன், பஸ் கண்டக்டராக இருந்தவர், மெதுவாகப் பேசத் தெரியாதவர், அவர்தான் இந்த விஷயத்தில் மோசம். நாலு பேர் கூடியிருக்கிற இடமாகப் பார்த்து, "எங்க மாப்பிள்ளை யாருன்னு நெனச்சீங்க? பின்னணிப் பாடகர்!" என்று எடுத்துவிடுவார். எல்லாரும் சிரிப்பார்கள். அப்பாவும் சிரிப்பார். ஆனால் அன்றைக்கு மட்டும் இரண்டாம் முறை சோறு கேட்காமல் கை கழுவப் போய்விடுவார். மகள் இதைச் சின்ன வயதிலிருந்தே கவனித்திருக்கிறாள். மாமா கவனித்ததில்லை.

மற்றபடி, அப்பாவின் இருமல் தெருவுக்கே பழக்கம். குட்டியாக இரண்டு, சின்ன இடைவெளி, பிறகு நீளமாக ஒன்று, கடைசியில் தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொள்வது போல ஒரு "ம்ஹூம்". மாடிப்படியில் அது கேட்டால் அப்பா வந்தாயிற்று. வீட்டுக்குள் கேட்டால், அம்மா செய்கிற வேலையைப் போட்டுவிட்டு, ஃப்ளாஸ்கிலிருந்து வெந்நீரை டம்ளரில் ஊற்றிக்கொண்டு கிளம்புவாள். அவர் வேண்டுமென்று கேட்டதே கிடையாது. சண்டை போட்டுப் பேசாமல் இருந்த நாட்களிலும் டம்ளர் மட்டும் போய்ச் சேர்ந்துவிடும்.

மகளின் தொழிலே பாட்டிலிருந்து குரலைப் பிரிப்பதுதான். ஆபீஸ் விழாவிலோ கல்யாண மேடையிலோ ஏறி ஒரு கை பார்த்துவிட வேண்டும் என்று துடிப்பவர்கள் அவளுக்குப் பாட்டை அனுப்புவார்கள். அவள் கம்ப்யூட்டரில் பாடகரை நீக்கிவிட்டு, வெறும் இசையைத் திருப்பி அனுப்புவாள். அப்பா அவளைக் குரல் திருடி என்றுதான் கூப்பிடுவார்.

ஊரிலுள்ள குரலையெல்லாம் உருவியவளிடம் அப்பா பாட்டு மட்டும் மசியவில்லை. அவளிடம் இருந்த பழைய மென்பொருள், இடது காதிலும் வலது காதிலும் பொதுவாகக் கேட்பதைக் கழித்துவிடும். பாடகர் நடுவில் நிற்பதால் அவர் கழன்றுகொள்வார். அப்பா பாட்டோ இரண்டு காதிலும் அச்சு அசலாக ஒரே மாதிரி கேட்கும் பழைய பதிவு. கழித்தால் ஒன்றுமே மிஞ்சாது. இந்த வாரம் வந்த புது மென்பொருள் வேறு ரகம். கணக்கில்லாத பாட்டுகளைக் கேட்டுக் கேட்டு, மனுஷக் குரல் எப்படி இருக்கும் என்று அது படித்துக்கொண்டு வந்திருந்தது. எங்கே கண்டாலும் வேரோடு பிடுங்கிவிடும்.

இரண்டாவது சரணத்தை அவள் இன்னும் கேட்கவில்லை. வேண்டுமென்றே நிறுத்தி வைத்திருந்தாள். முதலில் கேட்க வேண்டியவர் அடுத்த அறையில் இருந்தார்.

லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு போய்க் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தாள். ஹெட்ஃபோனைத் திருப்பி, ஒரு பக்கத்தை அப்பா காதில் வைத்து, மறுபக்கத்தில் தன் காதை ஒட்டிக்கொண்டாள்.

"அப்பா, உங்க பாட்டு. பாடகரைத் தூக்கிட்டேன். இப்ப நீங்க மட்டும்தான்."

அப்பா கண்ணைத் திறந்தார். "குரல் திருடி," என்றார். குரல் காற்றாக வந்தது. "அவரையும் விட்டு வைக்கலியா?"

பாட்டு ஓடியது. இரண்டாவது சரணம். போர்வைக்கு மேலே அப்பாவின் விரல் மெல்ல எழுந்தது. இடம் அதே இடம். வயலின்கள் மேலே ஏறின. அவற்றுக்கு அடியில் அவள் காதைத் தீட்டிக்கொண்டு தேடினாள்.

ஒன்றுமில்லை. கழுவித் துடைத்த தட்டாக இருந்தது.

விரல் அப்படியே நின்றது. "கேட்டுச்சா?" என்றார் அப்பா.

கேட்டுச்சுப்பா என்று சொல்லியிருக்கலாம். அவள் மறுபடி போட்டாள். மறுபடியும் விரல் எழுந்தது, மறுபடியும் ஒன்றுமில்லை.

"இல்லையே," என்றார் அப்பா. வருத்தப்பட்டதாகத் தெரியவில்லை. மெஷினைத் திறந்து பார்த்துவிட்டுச் சொல்கிற மாதிரிதான் சொன்னார். "அங்கதானேம்மா இருமினேன்."

"சத்தம் சின்னதா இருக்கும்ப்பா. நான் ஏத்திப் பார்க்கிறேன். அஞ்சு நிமிஷம் குடுங்க."

"பாரு, பாரு." அவர் கண் சுவரில் இருந்த ஏசிக்குப் போனது. "அந்த ஃபில்டரைக் கழுவச் சொல்லு. மூச்சுத் திணறுது அதுக்கு."

அவள் ஓடினாள். சத்தத்தைக் கூட்டினாள், இரைச்சலைக் குறைத்தாள், கடுகாக இருந்ததையெல்லாம் பூசணிக்காயாக்கிக் கேட்டாள். யாரோ நாற்காலியில் நெளிவது கேட்டது. யாரோ தாளைப் புரட்டுவது கேட்டது. அவளுக்குப் புல்லரித்தது. தாள் புரட்டியதே கேட்கிறதென்றால் இருமல் எங்கே போய்விடும்? இதோ அகப்பட்டுவிடும், இதோ, இதோ என்று அவள் மறுபடி மறுபடி அந்த இடத்தைக் குடைந்துகொண்டிருந்தாள்.

அம்மா வந்து தோளைத் தொட்டாள். கத்தவில்லை. ஹெட்ஃபோனைக் கழற்றியபோது வீட்டில் ஏசியின் சத்தம் மட்டும் கேட்டது.

அவளுக்குக் கோபம்தான் முதலில் வந்தது. அஞ்சு நிமிஷம்தானே கேட்டேன்! அழுகை பிறகு வந்தது, வந்தபிறகு நிற்கவில்லை.

மறுநாள் மயானத்தில் எல்லாம் முடிந்து வீடு திரும்பினார்கள். கூடம் நிறையச் சொந்தக்காரர்கள் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார்கள். அப்பா படுத்திருந்த கட்டிலில் மெத்தையைச் சுருட்டி வைத்திருந்தார்கள். அம்மா சமையலறையில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள். நாங்க பார்த்துக்கிறோம் என்று சொன்னவர்களிடம், கை சும்மா இருந்தால் தாங்காது என்று சொல்லிவிட்டாள்.

மாமா நேற்றிலிருந்து வாயே திறக்கவில்லை. அவர் பேசாமல் இருப்பது எல்லாருக்கும் பயமாக இருந்தது. திடீரென்று உடைந்தார்.

"போற வர்ற எடத்துலெல்லாம் கேலி பண்ணியே தீர்த்துட்டேனே மாப்பிள்ளை! ஒரு வாட்டி, ஒரே ஒரு வாட்டி கேட்டுச்சுடான்னு சொல்லியிருந்தா கொறைஞ்சா போயிருப்பேன்?"

அழுகையில் எச்சில் புரையேறி இருமல் வந்தது. யாரோ முதுகைத் தட்டினார்கள். அழுகிறாரா இருமுகிறாரா என்று பிரித்துச் சொல்ல முடியவில்லை. இரண்டும் ஒரே தொண்டையிலிருந்து வந்துகொண்டிருந்தன.

மகள் அவரையே பார்த்தாள். ஒரே தொண்டை.

அந்த மென்பொருளுக்குப் பாடகர் யார், ஏசி மெக்கானிக் யார் என்று தெரியுமா என்ன? மனுஷத் தொண்டையிலிருந்து வந்தால் அதற்கு எல்லாம் குரல்தான். பாடகரைத் தூக்கும்போது அப்பாவையும் சேர்த்துத் தூக்கிக்கொண்டு போயிருக்கிறது! அவளோ மிச்சம் இருந்த இசையில் போய் அவரைத் தேடியிருக்கிறாள். பிரித்தெடுத்த குரலை அவள் ஒருநாளும் கேட்டது கிடையாது. யாருக்கு வேண்டும் அது? வாடிக்கையாளர்கள் கேட்பது இசையை மட்டும். இடத்தை அடைக்கிறதென்று, குரலைச் சேமிக்கவே வேண்டாம் என்று எப்போதோ டிக்கை எடுத்து வைத்திருந்தாள்.

அவள் எழுந்து ஓடினாள். யாருடைய காலையோ மிதித்தாள். "பாவம், பொண்ணுக்கு என்னமோ ஆயிடுச்சு," என்று ஒரு குரல் கேட்டது. உட்காரக்கூடத் தோன்றாமல் நின்றபடியே டிக்கைப் போட்டு, பாட்டை மறுபடி ஓடவிட்டாள். பச்சைக் கோடு திரையில் ஊர்ந்தது. சீக்கிரம் போ, போ என்று அதனிடம் கெஞ்சினாள்.

மாமா முகத்தைத் துடைத்தபடி பின்னாலேயே வந்தார். "என்னம்மா ஆச்சு?"

"மாமா, அப்பா உள்ளே இருக்காரு!"

மாமா அவள் நெற்றியைத் தொட்டுப் பார்த்தார்.

"காய்ச்சல் இல்லை மாமா. பேசாம கேளுங்க."

கோடு முடிந்தது. அவள் ஹெட்ஃபோன் வயரைப் பிடுங்கி எறிந்துவிட்டு ஸ்பீக்கரில் போட்டாள். வாத்தியம் ஒன்றுகூட இல்லாமல் பாடகர் மட்டும் பாடினார். அவர் மூச்சு இழுப்பதும் எச்சில் விழுங்குவதும் துல்லியமாகக் கேட்டது. கூடத்திலிருந்தவர்கள் ஒவ்வொருவராக வந்து வாசலை அடைத்துக்கொண்டு நின்றார்கள்.

"யாராவது அந்த ஏசியை ஆஃப் பண்ணுங்கப்பா!" என்று மாமா அதட்டினார். "ஃபேனையும் நிறுத்து! ஒருத்தரும் அசையக் கூடாது!"

எல்லாரும் வியர்த்துக்கொண்டு அசையாமல் நின்றார்கள். இரண்டாவது சரணம் வந்தது. பாடகர் ஏறினார், ஏறினார், உச்சியில் நின்று இழுத்தார். மாமாவின் ஆள்காட்டி விரல் தானாகவே மேலே எழுந்திருந்தது.

குட்டியாக இரண்டு. சின்ன இடைவெளி. நீளமாக ஒன்று. பாடகர் மூச்சு வாங்க நிறுத்திய இடத்தில், தன்னந்தனியாக, "ம்ஹூம்".

"அடப்பாவி மாப்பிள்ளை!" மாமா போட்ட கூச்சலில் ஜன்னல் அதிர்ந்தது. "இருந்திருக்கியேடா! இத்தனை வருஷமா உள்ளேயே இருந்திருக்கியே!"

வாசலில் நின்றவர்கள் சிரித்தார்கள், யாரோ கை தட்டினார்கள், துக்க வீடென்பதையே மறந்துவிட்டார்கள். அவள் அழுதுகொண்டே சிரித்தாள். இவ்வளவு சந்தோஷத்தை இந்த வீட்டில் யாரிடம் போய்ச் சொல்வது? சொல்ல வேண்டியவர் ஒருவர்தான், அவரைத்தான் காலையில் விட்டுவிட்டு வந்திருந்தார்கள்.

"மறுபடி போடு. இன்னும் சத்தமா போடு. அந்த இடத்தை மட்டும் போடு," என்றார் மாமா.

அவள் முன்னும் பின்னும் வெட்டி எறிந்துவிட்டு, பாடகரைத் தணித்து, சத்தத்தை முழுக்க ஏற்றினாள். இருமல் வீடு முழுக்கக் கேட்டது. இரண்டு. இடைவெளி. ஒன்று. ம்ஹூம்.

சமையலறையில் குழாய் நின்றது. ஃப்ளாஸ்க் மூடியைத் திருகும் சத்தம் வந்தது.

அம்மா டம்ளரோடு வந்தாள். கூடத்தைத் தாண்டும்போது யாரையும் பார்க்கவில்லை. நடை வேகமாக இருந்தது. வழியில் நின்றவர்கள் ஒதுங்கிக்கொண்டார்கள். கை தட்டியவர்கள் கையை இறக்கிக்கொண்டார்கள். அம்மா நேராக அடுத்த அறைக்குள் போனாள்.

மகள் மௌஸில் கை வைத்தபடியே திறந்திருந்த கதவு வழியாகப் பார்த்தாள். சுருட்டி வைத்த மெத்தைக்கு முன்னால் அம்மா நின்றுகொண்டிருந்தாள். டம்ளரிலிருந்து ஆவி வந்துகொண்டிருந்தது. கொஞ்ச நேரம் கழித்து, கட்டில் பக்கத்து ஸ்டூலில் டம்ளரை வைத்தாள். எப்போதும் வைக்கிற மாதிரி, ஆறிப் போகாமல் இருக்க, அதன் மேல் ஒரு சின்னத் தட்டை எடுத்து மூடினாள்.